சேமநிதிக்கு இன்றே வழி செய்வோம்

மாதம் பிறந்ததும் சம்பளம் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுவது பொருந்தாது. உழைக்கும் கை ஓய்ந்துபோகும் நாளுக்கென ஒரு பங்கு சேர்ந்தால்தான் அது முழுக் கூலியாகும். சிக்கனத்தையும் பரஸ்பர உதவியையும் ஆதாரமாகக் கொண்ட கூட்டுறவு இயக்கத்தாருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், நம் சங்கத்தின் கணக்கருக்கும், கிடங்குக் காவலருக்கும், அரவை ஆலைத் தொழிலாளிக்கும் முதுமையில் என்ன ஆதரவு உண்டு என்று கேட்டால், நெஞ்சில் கைவைத்து விடையளிக்கக்கூடிய சங்கங்கள் எத்தனை?

தொழிலாளர் சேமநிதிச் சட்டம் 1952ஆம் ஆண்டில் பிறந்தது. சிமெண்டு, சிகரெட்டு, பொறியியல், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி ஆகிய ஆறு தொழில்களில், 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலைகளுக்கே அது முதலில் பொருந்தியது. 1960இல் அந்த எண்ணிக்கை 20 ஆகக் குறைக்கப்பட்டது. கூட்டுறவுச் சங்கங்களுக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை இருந்தது. 50 பேருக்குக் குறைவாகவும், மின்விசை முதலிய இயந்திர சக்தியின் உதவியின்றியும் நடைபெறும் சங்கங்களை அச்சட்டம் கட்டுப்படுத்தவில்லை. கைத்தறிச் சங்கங்கள் பலவும் அந்த நிழலில் ஒதுங்கி நின்றன.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. முன்னர் அட்டவணையில் கண்ட தொழில்களுக்கும், அரசு அறிவித்த நிறுவனங்களுக்குமே சேமநிதி உரியதாயிருந்தது. இப்போது 20 பேர் பணிபுரியும் எந்த நிறுவனமும் அதற்கு உட்பட்டதே. கூட்டுறவுச் சங்கங்களுக்கான சலுகை புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஆனால் அதன் இரண்டு நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேற வேண்டும் என்பதை நிர்வாகிகள் கருத்தில் கொள்ள வேண்டும். ஆட்கள் 50க்குக் குறைந்தால் மட்டும் போதாது. இயந்திர சக்தியும் இருத்தல் கூடாது. மேலகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் விவசாயிகள் கூடி மின்சார அரவை ஆலை ஒன்று நிறுவினால், 20ஆவது ஆள் சேர்ந்த அன்றே பொறுப்பும் சேர்ந்துவிடுகிறது. நெசவாளர் சங்கத்தில் மின்விசையால் தார் சுற்றும் கருவி வந்தாலும் இந்தக் கேள்வி எழத்தான் செய்யும். ஒருமுறை சட்டத்துக்கு உட்பட்ட பின் ஆட்கள் குறைந்தாலும் பொறுப்பு நீங்குவதில்லை. சாரல் பருவத்துக்கும் அறுவடைக் காலத்துக்கும் ஆள் சேர்ப்போர் இதை மறத்தலாகாது.

மற்றொரு மாறுதல் சம்பளத்தின் இலக்கணத்தைப் பற்றியது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து வைத்து, வாடகைப்படி, பயணப்படி என்று மிகுதியைப் பிரித்துக் காட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இனி அத்தகைய படிகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேற்பட்டால், மேற்பட்ட தொகை சம்பளமாகவே கொள்ளப்படும். ஒருவருக்கு மொத்தம் 20,000 ரூபாய் என்றும், அதில் அடிப்படைச் சம்பளம் 8,000, படிகள் 12,000 என்றும் வைத்துக்கொள்வோம். பாதி 10,000. மேற்பட்ட 2,000 ரூபாய் சம்பளத்துடன் சேர்ந்து, கணக்குக்குரிய தொகை 10,000 ஆகிறது. 12 சதவிகிதத்தில் சங்கத்தின் பங்கு 960 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்கிறது. தொழிலாளியின் பங்கும் அவ்வாறே. இத்தகையோர் 22 பேர் உள்ள சங்கத்துக்கு மாதம் 5,280 ரூபாயும், ஆண்டுக்கு 63,360 ரூபாயும் கூடுதல் செலவு. நிர்வாகக் கட்டணமும் காப்பீட்டுத் தொகையும் தனி.

இது பெருஞ்சுமை என்று சில நிர்வாகிகள் கூறக்கூடும். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. விற்ற சரக்குக்குப் பணம் மாதக்கணக்கில் நின்று வருகிறது. சேமநிதித் தொகையோ ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் செலுத்தப்பட வேண்டும். தாமதித்தால் வட்டியும் தண்டமும் உண்டு. ஆனால் இதற்காக 19 ஆட்களோடு நின்றுவிடுவதும், ஒரே சங்கத்தின் வேலையை ஒப்பந்தக்காரர் பெயரில் பிரித்துக் காட்டுவதும் கூட்டுறவுக்கு அழகல்ல. அவை சட்டத்தின் கண்ணுக்குத் தப்பும் என்பதும் நிச்சயமில்லை. நம் பக்கத்தில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். 1977இல் பீடித் தொழிலுக்குச் சேமநிதி விரிவாக்கப்பட்டபோது, வீட்டில் வேலை செய்வோர் எங்கள் ஊழியர் அல்லர் என்று முதலாளிகள் வாதாடினர். 1985இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. தனியார் முதலாளிகள் நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பின் செய்ததை, தொழிலாளருக்கென்றே தோன்றிய சங்கங்கள் தாமே முன்வந்து செய்யலாகாதா?

ஆகவே நிர்வாகக் குழுக்கள் காலந்தாழ்த்தாது சில காரியங்களில் இறங்க வேண்டும். முதலாவதாக, நிரந்தர ஆள், பருவ ஆள், ஒப்பந்த ஆள் அனைவரையும் ஒரே ஏட்டில் எழுதித் தலை எண்ணுக. இரண்டாவதாக, சம்பளப் பட்டியலைப் புதிய இலக்கணப்படி ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்க. மூன்றாவதாக, சங்கத்தின் பங்கைத் துணியின் அடக்க விலையிலும் அரவைக் கூலியிலும் இப்போதே சேர்க்க. அதைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிப்பது சட்டத்துக்கும் நீதிக்கும் ஒவ்வாதது. நான்காவதாக, இரண்டு மூன்று மாதத் தொகையை மத்தியக் கூட்டுறவு வங்கியில் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்க. சரக்குப் பணம் தாமதித்தாலும் 15ஆம் தேதி தவறாது.

சலுகைக்கு உட்பட்ட சிறு சங்கங்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. நிர்வாகமும் பெரும்பான்மைத் தொழிலாளரும் உடன்பட்டால் தாமாகவே சேமநிதியில் சேரச் சட்டம் இடமளிக்கிறது. தறியில் அமரும் அங்கத்தினருக்கு, கூலியில் ரூபாய்க்கு 8 காசு அவரும் 4 காசு மாநில அரசும் செலுத்தும் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டம் ஏற்பட்டிருக்கிறது. நெய்தவருக்கு உள்ள ஆதரவு, அவர் நெய்த துணியைக் காத்து, கணக்கெழுதி, விற்றுத் தருபவருக்கும் வேண்டாமா?

அடுத்த பொதுப் பேரவைக் கூட்டத்தில் லாபப் பங்கீட்டைப் பற்றிப் பேசுமுன், இந்தக் கேள்வியை அங்கத்தினர்கள் எழுப்புவார்களாக. தன் ஊழியர் முதுமையில் பிறர் கையை எதிர்பார்க்கும்படி விட்டுவிட்டு ஒரு சங்கம் பகிரும் லாபம், உண்மையில் லாபமன்று. கொடுக்காமல் நிறுத்திய கூலியே.