ஒரு மாதம் என்றால் எத்தனை நாள்?

“திகதியில இருந்து ஒரு மாசத்தைக் கழிக்கிறது என்ன பெரிய வேலை? டேட்டாபேஸே பார்த்துக்கொள்ளும்.” மென்பொருள் படிக்கிற நண்பர்களிடம் நாங்கள் அடிக்கடி கேட்கிற பதில் இது. இந்தச் சோம்பலோடுதான் எங்களுக்குச் சண்டை.

2024 மார்ச் 31 இலிருந்து ஒரு மாதத்தைக் கழித்துப் பாருங்கள். போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும் பெப்ரவரி 29 என்று சொல்லும். எஸ்கியூலைட் வழமையாக மார்ச் 2 என்று சொல்லும். ஒராக்கிளில் இன்டர்வலாகக் கழித்தால், அப்படியொரு திகதியே இல்லையென்று பிழை காட்டும். மாதத்தை விட்டுவிட்டு 30 நாளைக் கழித்தால் மார்ச் 1. கேள்வி ஒன்றுதான்; ஆளுக்கொரு பதில். பெப்ரவரி 29 உடன் ஒரு மாதத்தைத் திரும்பக் கூட்டினாலும் மார்ச் 29 தான் வரும், 31 வராது.

இதைச் சின்ன விசயம் என்று தள்ளிவிட எங்களால முடியாது. “கடந்த ஒரு மாதத்தில் தவணை கட்டாதவர்கள்” என்று ஒரு கடன் நிறுவனம் மார்ச் 31 அன்று பட்டியல் எடுக்கிறது என்று வையுங்கள். பெப்ரவரி 29 அன்று காசு கட்டிய அம்மா ஒரு கணக்கில் கட்டியவர், இன்னொரு கணக்கில் கட்டாதவர். வாசலில் வந்து நிற்கிறவருக்கு எஸ்கியூலைட் பற்றி அவ என்ன சொல்லுவா?

நேரக் கணக்கு இன்னும் எங்கட வீட்டுக் கதை. மின்தட்டுப்பாட்டால் 1996 மே மாதம் இலங்கையின் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய 5.30 க்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலோ பழைய நேரமே ஓடியது. ஆனால் டேட்டாபேஸ்கள் பாவிக்கிற நேரவலயப் பட்டியலில் முழு இலங்கைக்கும் இருப்பது ‘ஏசியா/கொழும்பு’ மட்டும்தான். 2003 இல் கிளிநொச்சியில் காலை 8 மணி என்று எழுதிய பதிவை அந்த வலயத்தில் ஏற்றி, இன்றைய நேரத்திலிருந்து கழித்தால் விடை அரை மணித்தியாலம் பிழைக்கும். பிழை என்று எந்த எச்சரிக்கையும் வராது.

ஆகவே குவெரி எழுதுகிற தம்பி, தங்கச்சிமாரே, ‘ஒரு மாதம்’ என்று அடிக்கமுதல் விதியைப் போட்டவரிடம் கேளுங்கள்: 30 நாளா, நாட்காட்டி மாதமா? 31 ஆம் திகதியை வைத்துச் சோதித்துப் பாருங்கள். டேட்டாபேஸ் கழிக்கும்தான். என்னத்தைக் கழிக்கிறது என்று முடிவெடுக்கிற பொறுப்பு எங்களுடையது.