பாட்டுப் பெட்டியை விற்காதீர்கள்!

பழைய இரும்பு, பித்தளை வாங்குகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வருகிறார். நாங்குநேரியில் ஒரு வீட்டில் அன்றைக்குப் பரணைச் சுத்தம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கறுப்புப் பெட்டி கீழே இறங்குகிறது. மூடியைத் திறந்தால், குழலுக்கு எதிரே உட்கார்ந்து கேட்கும் நாயின் படம்!

தாத்தா காலத்து கிராமபோன் அது. சாவி கொடுத்தால் ஓடவில்லை. "ஓடாத பெட்டி எதற்கு?" என்கிறார்கள். சில நூறு ரூபாய்க்குப் பெட்டி போய்விடுகிறது.

எங்கே போகிறது?

இப்படிப் போகும் பெட்டிகள் பல பெரிய நகரங்களுக்குப் போய்ச் சேருகின்றன. அங்கே மோட்டாரை மட்டும் கழற்றி எடுக்கிறார்கள். அதைப் புது மரப்பெட்டியில் பொருத்துகிறார்கள். மேலே பளபளக்கும் பித்தளைக் குழலை மாட்டுகிறார்கள். நாய்ப் படத்தையும் ஒட்டி, "நூறு வருஷத்துச் சாமான்" என்று விற்கிறார்கள். டில்லி, மும்பை கடைகளில் வெளிநாட்டார் இதை வாங்கி ஏமாந்த கதை ஏராளம். பார்க்க அழகாக இருக்கும். பாட்டு சுமார்தான்.

ஒரு நல்ல பெட்டியைக் கொன்று ஒரு போலிப் பெட்டி செய்கிறார்கள். இதற்கு நம் வீட்டுப் பரண் துணை போகலாமா?

ஓடாத பெட்டி எல்லாம் செத்த பெட்டி அல்ல. பல பெட்டிகளில் கெட்டுப்போயிருப்பது எண்ணெய்தான். வானமாமலைப் பெருமாள் கோவில் எண்ணெய்க் கிணற்றில் எண்ணெய் பழசாகப் பழசாக மதிப்பு. கிராமபோனில் அப்படி இல்லை. பழைய எண்ணெய் பிசினாகிச் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். துடைத்துப் புது எண்ணெய் விட்டால் பல பெட்டிகள் எழுந்து ஓடும்.

ஓடும்போது "டங், டங்" என்று அடித்தால், உள்ளே சுருண்டிருக்கும் வில்லின் மசகு காய்ந்துவிட்டது என்று அர்த்தம். வில் முறிந்திருந்தால் புது வில் போடலாம். அகலம், கனம், நீளம், நுனியில் உள்ள துளை எல்லாம் பழையதைப் போலவே இருக்க வேண்டும். ஆனால் வில் இருக்கும் டப்பாவை வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. சீறி வெளியே வந்து கையைக் கிழித்துவிடும். அது விவரம் தெரிந்தவர் வேலை.

தட்டு ஒரே வேகத்தில் சுற்றுவதற்கு உள்ளே ஒரு சின்னக் குடைராட்டினம் உண்டு. மூன்று குண்டுகள் அதில் சுற்றும். வேகம் கூடினால் குண்டுகள் விரியும். ஒரு தோல் துண்டு உரசி வேகத்தைக் குறைக்கும். அந்தத் தோல் காய்ந்து போனால், பாடகர் ஒரு நேரம் ஓடுவார், ஒரு நேரம் இழுப்பார்! சின்னத் தோலை மாற்றினால் போதும். தட்டின் அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, அது நிமிஷத்துக்கு 78 தடவை சுற்றுகிறதா என்று பிள்ளைகளே எண்ணிப் பார்க்கலாம்.

குரல் கரகரத்தால், சவுண்டு பாக்ஸில் தகட்டைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் கல்லாகியிருக்கும். மெல்லிய புது ரப்பர் குழாயை அளவாக வெட்டி வைக்கிறார்கள். பழைய பெட்டிகளில் தகடு காக்காய்ப்பொன்னில் இருக்கும். அது எளிதில் உடையும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் ஊசி. ஒரு பக்கம் பாடியதும் ஊசியை மாற்றிவிட வேண்டும். தட்டின் அரக்கில் கல்பொடி கலந்திருக்கிறது. அது ஊசியைத் தேய்த்துவிடும். தேய்ந்த ஊசியின் விளிம்பு அடுத்த பாட்டைச் செதுக்கித் தள்ளிவிடும். எஃகு ஊசிகள் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. அதை மிச்சம் பிடிக்கிறவர் பாட்டைத் தொலைக்கிறார்.

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல் 27 வயதில் காலமானார். அவர் சினிமாவில் நடிக்கவில்லை. நாடக மேடையை உலுக்கிய அந்தக் குரல் இன்று கேட்கிறது என்றால், தட்டுகள் பிழைத்ததால்தான். "செல்போனிலேயே கேட்கலாமே" என்று பிள்ளைகள் சொல்லலாம். கேட்கலாம். ஆனால் அதுவும் யாரோ ஒருவர் உடையாமல் காத்த தட்டிலிருந்து எடுத்ததுதானே! இன்னும் யாரும் எடுக்காத பாட்டு ஒன்று எந்த ஆச்சியின் பெட்டியில் இருக்கிறதோ, யார் கண்டது?

பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பேட்டையில் ஐ.டி.ஐ. இருக்கிறது. கைக்கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர்கள் சிலர் இன்னும் கடை வைத்திருக்கிறார்கள். இவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்று சேர்த்தால் என்ன? ஊர் ஊராக மக்கள் பெட்டிகளைக் கொண்டுவரட்டும். பழுது பார்க்கட்டும். கழற்றிய பழைய பாகத்தை எறியாமல் ஒரு பொட்டலத்தில் கட்டி, பெட்டியோடு கொடுத்து அனுப்பட்டும். அடுத்த முறை வில் செய்கிறவருக்கு அளவு வேண்டுமே!

அதுவரை, தெருவில் கூவுகிறவரிடம் ஓட்டைக் குடத்தைக் கொடுங்கள், பெட்டியைக் கொடுக்காதீர்கள்.