வண்டி, கருவி: கேள்வி பதில்
பிக்கப் வண்டிக்குப் பக்கக் கிரில் எப்படி அமைப்பது?

“தோட்டத்துத் தேவைக்காகப் பழைய பிக்கப் வண்டி வாங்கியிருக்கிறோம். பக்கத் தகடு முழங்கால் உயரம்தான். தக்காளிப் பெட்டி அடுக்கினாலும், சந்தைக்கு ஆடு ஏற்றினாலும் பயமாக இருக்கிறது. தகட்டின் மேலேயே பைப்பை வெல்டு வைத்துவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். செய்யலாமா?”

- வாசகர், மணப்பாறை.

கிரில் போடலாம். தகட்டில் வெல்டு வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

வளைவில் வண்டி திரும்பும்போது ஆடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாயும். எட்டு ஆடு, ஆளுக்கு 25 கிலோ என்றாலும் 200 கிலோ. அந்தப் பாரம் கிரில்லின் மேல்பாதியைத் தள்ளும்போது, கடப்பாரையால் நெம்புவது மாதிரி அடிப்பகுதி நெம்பப்படும். மெல்லிய தகடு அதைத் தாங்காது. வெல்டு வைத்த இடத்தை ஒட்டி முதலில் விரிசல், அதில் துரு, பிறகு ஒருநாள் மொத்தமாகப் பெயர்ந்து வரும். கீழே மடக்கித் திறக்கும் பக்கக் கதவாக இருந்தால் இன்னும் மோசம். முழுப் பாரமும் கீலிலும் கொண்டியிலும் போய் நிற்கும்.

பாடியின் அடியில் குறுக்காக ஓடும் சட்டங்களைப் பாருங்கள். தூண்கள் அங்கேதான் ஊன்ற வேண்டும். தூணைவிடச் சற்றே பெரிய பைப்பில் குழல் மாதிரி வெட்டி, 5 மி.மீ. பட்டையோடு சேர்த்து, அந்தச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்குங்கள். தூணை அதற்குள் இறக்கிக் குறுக்கே பின் மாட்டினால், வைக்கோல் ஏற்றும் நாளில் கழற்றிக்கொள்ளலாம். தலையில் 8.8 என்று அச்சிட்ட போல்ட், நைலான் வைத்த நட்டு வாங்குங்கள். துளையிட்ட இடத்தில் பிசிறை அராவி, ரெட் ஆக்சைடு பூசிய பிறகே போல்ட் போட வேண்டும். வண்டியின் சேஸிஸில் துளையோ வெல்டோ கூடாது. குழலைப் பட்டையோடு ஒட்டும் வெல்டிங்கை வண்டிக்கு வெளியே முடித்துவிடுங்கள். வண்டியிலேயே வைத்தாக வேண்டுமென்றால், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள்.

எடையையும் பாருங்கள். தூணுக்கு 40 மி.மீ. சதுரப் பைப், 2 மி.மீ. கனத்தில், மீட்டருக்கு சுமார் 2.4 கிலோ, குறுக்குக் கம்பிக்கு 25 மி.மீ. பைப் சுமார் 1.4 கிலோ. பத்துத் தூண், சுற்றிலும் இரண்டு வரிசை என்றால் 45 கிலோவை ஒட்டி வரும். அத்தனையும் நீங்கள் ஏற்றும் சரக்கில் கழிய வேண்டிய எடை. உயரம் கூடிவிட்டதே என்று இன்னும் இரண்டு அடுக்குப் பெட்டி வைத்தால் வளைவில் வண்டியே சாயும். கிரில் சரக்கு விழாமல் இருக்கத்தான். ஆள் உட்காரவும் அது இடமில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. மீறினால் பிரிவு 182ஏ-ன்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எனவே வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது.

ஆட்டுக்காக ஒன்று. கீழ்ப்பகுதிக் கம்பிகளை நெருக்கமாக வையுங்கள், கால் வெளியே போகாது. கழுத்துக் கயிற்றை மேல் கம்பியில் கட்டாதீர்கள். வெளியே தாவினால் தொங்கிச் செத்துவிடும்.

முதல் வாரம் ஓட்டியதும் எல்லா நட்டையும் ஒருமுறை முடுக்குங்கள். பிறகு மாதம் ஒருமுறை போதும்.