இழப்பிற்கும் கணக்கா?

வருவாய் உள்ள இடத்தில் வரி உண்டு. பள்ளியும் மருத்துவமனையும் சாலையும் அமைய அரசுக்குப் பொருள் வேண்டும். ஈட்டுவோர் தம் ஈட்டத்தில் ஒரு பங்கைத் தருவதே முறை. இதனை மறுப்பார் எவருமிலர். ஆனால், ஈட்டம் ஏதுமில்லாத இடத்திலும் வரித்துறையின் கண் நுழையலாமா? வீட்டில் கிடந்த பழைய பொருளை, வாங்கிய விலையினும் குறைத்து விற்பவரை வணிகர் வரிசையில் நிறுத்தி, அவருடைய பெயரையும் முகவரியையும் அடையாள எண்ணையும் அரசுக்கு எழுதியனுப்பலாமா? இணையச் சந்தைகள் பெருகிவிட்ட இக்காலத்தில் எழுந்துள்ள இவ்வினாவிற்கு அமெரிக்காவில் நடந்தவை தக்க பாடமாகும்.

இணையச் சந்தைகளின் வழியாகவும் பணம் செலுத்தும் நிறுவனங்களின் வழியாகவும் விற்பனையாளர் பெறும் தொகையை, அந்நிறுவனங்களே 1099-கே என்னும் படிவத்தில் வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்நாடு 2008இல் சட்டம் இயற்றியது. 2011இல் நடைமுறைக்கு வந்த அவ்விதி, ஓராண்டில் 20,000 அமெரிக்க வெள்ளிக்கு மேற்பட்ட தொகையும் 200க்கு மேற்பட்ட விற்பனையும் ஒருங்கே உடையோரை மட்டுமே சுட்டியது. ஓராண்டில் 200 முறைக்கு மேல் விற்பவரைப் பெரும்பாலும் வணிகர் என்றே கொள்ளலாம். எனவே அவ்வரம்பில் ஒரு நியாயம் இருந்தது. 2021 மார்ச் 11ஆம் நாள் கையொப்பமான அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டமோ 20,000 என்பதை 600 ஆக்கிற்று. விற்பனை எண்ணிக்கை என்னும் வரம்பை அறவே நீக்கிற்று. ஒரு கட்டில், ஒரு மிதிவண்டி, ஒரு பழைய கணினி ஆகிய மூன்றையும் விற்றாலே 600 வெள்ளி கடந்துவிடும். பெருமீனுக்கு வீசிய வலையின் கண், அயிரையும் தப்பாதபடி சுருக்கப்பட்டது.

இதிலுள்ள பிழையை அறியப் பொருளியல் புலமை வேண்டா. தொடக்கப் பள்ளிக் கணக்கே போதும். 900 வெள்ளிக்கு வாங்கிய மிதிவண்டியை ஒருவர் 650 வெள்ளிக்கு விற்கிறார் என்க. அவர் அடைந்தது 250 வெள்ளி இழப்பு. ஆனால், படிவத்தில் ஏறுவது 650 என்னும் மொத்தத் தொகை. தளம் எடுத்துக்கொண்ட கட்டணமோ, அனுப்பும் செலவோ, வாங்கியவர் திருப்பித் தந்தபோது மீளக் கொடுத்த பணமோ அதில் கழிக்கப்படுவதில்லை. இழந்தவரின் ஏடு, ஈட்டியவரின் ஏடு போலத் தோற்றமளிக்கிறது.

“படிவம் வேறு, வரி வேறு, இழப்பிற்கு விற்றவர் வரி கட்ட வேண்டியதில்லையே” என்பர் இம்முறையை ஆதரிப்போர். உண்மைதான், அந்நாட்டு வரித்துறையும் அவ்வாறே கூறுகிறது. ஆயினும், அப்படிவம் ஒருவர் பெயரில் போய்விட்டால், பெற்ற தொகையையும் வாங்கிய விலையையும் தம் வரிக்கணக்கில் எழுதி, ஈட்டம் இல்லை என்று காட்டும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய குழந்தைத் தொட்டிலுக்குப் பற்றுச்சீட்டு வைத்திருப்பவர் யார்? அன்பளிப்பாக வந்த கைக்கடிகாரத்தின் விலையை எதைக் கொண்டு மெய்ப்பிப்பது? வணிகரிடம் கணக்கேடு உண்டு, கணக்காளரும் உண்டு. வீடு மாறும்போது நாற்காலி விற்ற குடும்பத்தாரிடம் இவற்றுள் எதுவுமில்லை.

இன்னும் ஓர் அநீதி இதன் அடியில் மறைந்து கிடக்கிறது. பங்குச் சந்தையில் இழந்தவர், அவ்விழப்பில் ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை தம் பிற வருவாயிலிருந்து கழித்துக்கொள்ள அமெரிக்கச் சட்டம் இடந்தருகிறது. சொந்தப் பயனுக்கு வாங்கிய பொருளை விற்று இழந்தவருக்கோ அச்சலுகை கிடையாது. பத்துப் பொருள்களை விற்று ஒன்பதில் இழந்து ஒன்றில் ஈட்டினால், அந்த ஒன்றின் ஈட்டம் வரிக்குரியது; ஒன்பதின் இழப்பு எவர் கணக்கிலும் சேராது. பங்கில் முதலிடும் வசதி படைத்தவரின் இழப்பைக் கனிவுடன் நோக்கும் சட்டம், பழம்பொருள் விற்பவரின் இழப்பைக் காண மறுக்கிறது.

பொருளிழப்பினும் பெரியது அந்தரங்க இழப்பு. படிவத்தை நிரப்பத் தளங்கள் விற்பனையாளரின் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்கின்றன. கொடுக்க மறுப்பவருக்குச் சேரவேண்டிய தொகையில் 24 விழுக்காட்டைப் பிடித்தம் செய்யவும் வரிச்சட்டத்தில் இடமுண்டு. அந்த ஒன்பது இலக்க எண்ணின் வரலாறே ஓர் எச்சரிக்கை. 1936இல் ஓய்வூதியக் கணக்கிற்கென்று தோன்றிய எண் அது. அடையாளத்திற்கு உரியதன்று என்னும் பொருள்பட ஒரு வரியை 1946 முதல் அதன் அட்டையிலேயே அச்சிட்டனர். 1972இல் அவ்வரி நீக்கப்பட்டது. ஒரு நோக்கத்திற்கு வாங்கிய எண், பிற நோக்கங்கள் அனைத்திற்கும் திறவுகோலாயிற்று.

“மறைக்க ஒன்றுமில்லாதவர் அஞ்சுவானேன்?” என்று கேட்பாரும் உளர். கள்வருக்கு அஞ்சிக் கதவைத் தாழிடுபவர் வீட்டிற்குள் குற்றம் புரிகிறார் என்பது பொருளாகுமா? 2017இல் ஈக்குவிஃபேக்ஸ் என்னும் கடன் மதிப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 14.7 கோடி மக்களின் விவரங்கள் களவாடப்பட்டன. அவற்றுள் அவ்வெண்களும் அடங்கும். வரித்துறையின் காவலும் முழுமையானதன்று. பெருஞ்செல்வர் ஆயிரக்கணக்கானோரின் வரிக்கணக்குகளை வெளியிட்ட ஒப்பந்தப் பணியாளர் ஒருவர், 2024 ஜனவரியில் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். செல்வரின் ஏட்டையே காக்க இயலாத துறை, நாற்காலி விற்றவரின் எண்ணைக் காக்கும் என்பதற்கு எவர் பிணை?

வரி ஏய்க்கும் வணிகரைப் பிடிக்க வேண்டாவா என்னும் வினா எஞ்சுகிறது. வேண்டும், கட்டாயம் வேண்டும். கடை வைத்து முறையாக வரி கட்டுபவரின் பக்கத்தில், திரைக்குப் பின் மறைந்து வணிகம் புரிபவர் கட்டாமல் இருப்பது அறமன்று. ஆனால், விற்பதற்கென்றே வாங்குபவர் வேறு. வாங்கிப் பயன்படுத்தி முடித்தபின் விற்பவர் வேறு. இவ்வேறுபாட்டை அறியாத சட்டம் வணிகரை வேட்டையாடப் புறப்பட்டு, வீட்டாரை மிதிக்கிறது. புகுந்த வயலில் யானை உண்பது சிறிது, அதன் கால் அழிப்பது பெரிது என்று பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் புறநானூற்றில் உணர்த்தியது இதனைத்தான். அறியாத அரசு அவ்யானை போன்றது.

ஐரோப்பாவிலும் இக்காற்று வீசுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜனவரி முதல், ஓராண்டில் 30 விற்பனையை எட்டியவர் அல்லது 2,000 யூரோவைக் கடந்தவர் ஆகியோரின் விவரங்களைத் தளங்கள் தெரிவிக்க வேண்டும். பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் அம்முறை வந்தது. புதிய வரி ஏதுமில்லை, வேண்டாத பொருளை விற்பவர் அஞ்சவேண்டியதில்லை என்று பிரிட்டன் வரித்துறை விளக்கம் தந்தது. அவ்வாறாயின், வரி கட்ட வேண்டாதவரின் விவரம் எதற்கு? அதே துறைதான் 2007இல் இரண்டரைக் கோடி மக்களின் விவரங்கள் அடங்கிய இரண்டு வட்டுகளை அஞ்சலில் தொலைத்தது.

அமெரிக்காவில் 600 வெள்ளி விதியை நடைமுறைப்படுத்த இயலாமல் வரித்துறை 2022, 2023, 2024 என மும்முறை தள்ளிவைத்தது. இறுதியில், 2025 ஜூலை 4ஆம் நாள் கையொப்பமான சட்டம் பழைய 20,000 வெள்ளி, 200 விற்பனை என்னும் வரம்பையே மீட்டது. இதனைக் கண்டு போர் முடிந்தது என்று மகிழ்வது பேதைமை. வரம்பு மீண்டது, தளங்கள் அதற்குள் கேட்டுப் பெற்ற எண்கள் உரியவரிடம் மீளவில்லை. மேலும், மாசசூசெட்ஸ், வெர்மாண்ட் போன்ற மாநிலங்கள் 2021க்கு முன்பே 600 வெள்ளி வரம்பைத் தாமாக வகுத்துக்கொண்டவை. ஒரு சட்டம் கூட்டிய எண்ணை மற்றொரு சட்டம் குறைக்கலாம். எண்ணை மட்டும் நம்பியிருக்கும் காப்பு, காப்பாகாது.

ஆதலின் மாறவேண்டியது கொள்கை. வாங்கிய விலைக்கு மேற்படாமல் விற்ற வீட்டுப் பொருள் வருவாய் அன்று என்பதைத் தளங்கள் அறிவிக்கும் நிலையிலேயே சட்டம் ஏற்க வேண்டும். வரம்பைக் கடந்தவரிடம் மட்டுமே அடையாள எண் கேட்கப்பட வேண்டும். தேவை முடிந்தபின் அழிக்கப்பட வேண்டும். விலைவாசி உயருந்தோறும் வரம்பும் உயர வேண்டும். இவை ஏய்ப்பவருக்குத் தரும் சலுகைகள் அல்ல. ஏய்க்காதவருக்கு அரசு செலுத்த வேண்டிய கடன்.

கரோசல் போன்ற தளங்களில் பழம்பொருள் விற்பது சிங்கப்பூர், மலேசியக் குடும்பங்களுக்கும் வழக்கமாகிவிட்டது. பிற நாட்டார் வகுத்த விதி நாளை எந்தக் கரையிலும் ஒதுங்கலாம். அன்று கேட்கவேண்டிய வினாவை இன்றே கற்றுவைப்பது நன்று. ஈட்டியவரிடம் வரி கேட்பது அரசின் உரிமை. இழந்தவரிடம், “நீ இழந்தாய் என்பதை நிறுவு” என்று கேட்பது எந்த அரசுக்கும் உரிமையன்று.