மாற்றார்க்கும் கரகோஷம்

1999ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், சென்னைச் சேப்பாக்கத்தில் நிகழ்ந்த டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டத்தில், பாகிஸ்தான் அணி 12 ஓட்ட வித்தியாசத்தால் இந்தியாவை வென்றது. டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் வெற்றி கிட்டவில்லை. ஆயினும் ரசிகர்கள் எழுந்து நின்று, அரங்கை வலம் வந்த மாற்றணியினரைக் கரகோஷத்தால் வாழ்த்தினர்.

கடலூரிலும் சிதம்பரத்திலும், இவ்விரு நாட்டாரும் ஆடும் நாளில், மாற்றாரை இகழ்தலே தேசபக்தியெனக் கருதுவோர் சிலர் உளர். நாம் அதனை ஒப்போம். தோற்றோர் பெயரையே பரணிக்குச் சூட்டுவது தமிழ் மரபு. கலிங்கர் அற்பரெனின், அவரை வென்ற குலோத்துங்கன் படைக்குப் பெருமை யாது?

2007க்குப் பின் இரு அணிகளும் டெஸ்ட் ஆட்டத்தில் எதிர்ப்படவில்லை. அத்தகைய தொடர் மீண்டும் வருங்கால், பகைவரையும் நேசிக்கக் கற்பிக்கும் நம் கல்லூரியினின்று முதற் கரகோஷம் எழுக!