ஹெப்பகோடியில் ஒரு யாகுசா படம்: காசு கொடுக்கத் தயார், எங்கே பார்ப்பது?

ஹெப்பகோடி பிஜி-யில் வைஃபை நன்றாகவே வருகிறது. கையில் இரண்டு மூன்று ஓடிடி சந்தா. வார இறுதியில் நீங்கள் பார்க்க நினைப்பது கிஞ்சி ஃபுகாசாகுவின் 'பேட்டில்ஸ் வித்தவுட் ஹானர் அண்ட் ஹ்யுமானிட்டி' (1973). போருக்குப் பிந்தைய ஹிரோஷிமாவின் கள்ளச்சந்தையில் தொடங்கி, யாகுசா என்றால் மானஸ்தன் என்ற பிம்பத்தையே போட்டு உடைத்த படம். 1974-க்குள் ஐந்து பாகங்கள் வந்துவிட்டன. ஆனால் உங்கள் ஆப்பில் காணோம். ஏன்?

ஓடிடி நிறுவனங்கள் படத்தை வாங்குவதில்லை; ஒரு நாட்டில், குறிப்பிட்ட காலத்துக்குக் காட்டும் உரிமையைத்தான் வாங்குகின்றன. பழைய ஜப்பானியப் படங்களுக்குப் பேர்போன கிரைட்டீரியன் சேனல் அமெரிக்கா, கனடாவில் மட்டும்தான். அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் போனாலும் பட்டியல் மாறாது, நாட்டு எல்லைதான் கணக்கு. 2019-ல் இந்தியாவுக்கு வந்த முபியில் இந்த வகைப் படங்கள் எட்டிப்பார்க்கும். ஆனால் இந்த மாதம் இருப்பது அடுத்த மாதம் இருக்காது.

எனவே ஒவ்வொரு ஆப்பாகத் துழாவாதீர்கள். ஜஸ்ட்வாட்ச் தளத்தில் நாட்டை 'இந்தியா' என்று வைத்துத் தேடுங்கள். ஒரு பெயரோடு நிறுத்தவும் கூடாது: இதே படத்தொடருக்கு 'ஜிங்கி நாகி ததகாய்', 'தி யாகுசா பேப்பர்ஸ்' என்றும் பெயர் உண்டு. ஜப்பான் ஃபவுண்டேஷன் அவ்வப்போது ஆன்லைனில் இலவசத் திரைப்பட விழா நடத்துகிறது, அதையும் கவனியுங்கள்.

டிஸ்க் வாங்கலாமே என்றால், அங்கே வேறொரு பூட்டு. ஐந்து பாகங்களையும் பிரிட்டனின் ஆரோ வீடியோ 2015-ல் புளூ-ரேயில் வெளியிட்டது. ஆனால் புளூ-ரே மண்டலக் கணக்கில் அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, பிரிட்டன் பி, நாம் சி. உங்கள் பிளேயர் எந்த மண்டல டிஸ்க்கை ஓட்டும் என்று பார்க்காமல் ஆர்டர் போட்டால், அட்டைப்பெட்டியை மட்டும்தான் ரசிக்க முடியும்.

இவ்வளவு சுற்றலுக்கு டெலிகிராமே மேல் என்று தோன்றும். காசு கொடுக்க வருபவரையே அந்தப் பக்கம் தள்ளிவிடுவதுதான் இந்த ஏற்பாட்டின் அபத்தம்.

பழைய படங்களில் மட்டும் ஒரு வழி இருக்கிறது. இந்தியாவில் படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள். அகிரா குரோசவாவின் யாகுசா படமான 'ட்ரங்கன் ஏஞ்சல்' (1948) இங்கே 2008 முடிவோடு அந்தக் காலத்தைக் கடந்துவிட்டது. புதிதாகச் செய்த சப்டைட்டிலுக்குத் தனி உரிமை இருக்கலாம், அது வேறு கணக்கு. ஃபுகாசாகுவின் படத்துக்கு 2033 டிசம்பர் வரை காத்திருக்கணும்.