முள்ளை எண்ணிப் பாருங்கள்

காடு ஏரியான கதையை நேயர்கள் கேட்டதுண்டா? அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்தின் வடமேற்கு மூலையில் ரீல்புட் என்றோர் ஏரி இருக்கிறது. 1811-ஆம் வருஷக் கடைசியிலும் 1812-ஆம் வருஷத் தொடக்கத்திலும் அந்தப் பிரதேசத்தைப் பெரும் பூகம்பங்கள் உலுக்கின. பூமி தாழ்ந்தது, ஜலம் வந்து நிரம்பியது, நின்ற காடு நின்றபடியே மூழ்கிற்று. அம்மரங்களின் அடிக்கட்டைகள் இன்றும் தண்ணீருக்குள் இருக்கின்றன. படகோட்டிக்கு அவை சத்துரு, மீனுக்கோ மாளிகை.

அந்த மாளிகைவாசிகளில் பிரசித்தி பெற்றது கிராப்பி என்னும் மீன். தட்டையான உடல், சாதாரணமாக ஒரு சாண் நீளம் இருக்கும். தூண்டிலில் சின்னஞ்சிறு மீனைக் கோத்து, மரக்கட்டையின் ஓரமாக மெள்ள இறக்குவார்கள். கிராப்பியின் வாய்த் தோல் காகிதம் போல் மெல்லியது. வெடுக்கென்று இழுத்தால் வாய் கிழிந்து மீன் தப்பிவிடும். பொறுமையில்லாதவனுக்கு அது கிட்டாது.

கிராப்பியில் கறுப்பு, வெள்ளை என்று இரண்டே இனங்கள். இரண்டும் இந்த ஏரியில் உண்டு. பெயரைக் கேட்டதும், இனம் பிரிப்பது எளிது என்று தோன்றும். அங்கேதான் ஏமாற்றம்! மீனின் நிறம் தண்ணீருக்குத் தக்கபடி மாறும். வசந்த காலத்தில் முட்டைகளைக் காவல் காக்கும் ஆண் வெள்ளைக் கிராப்பி, கறுத்துப்போய்க் கறுப்பு இனத்தைப் போலவே காட்சியளிக்கும். வெள்ளையின் உடலில் மேலிருந்து கீழாகப் பட்டைகளும், கறுப்பின் உடலில் வாரி இறைத்தாற்போல் புள்ளிகளும் உண்டு. ஆனால் இவையும் மங்கிப் போவதுண்டு. முதுகுத் துடுப்பின் முன்பாகத்திலுள்ள முட்களை எண்ணுவதே நம்பத்தக்க வழி. 7 அல்லது 8 இருந்தால் கறுப்பு. 6 அல்லது அதற்கும் குறைவானால் வெள்ளை. இரண்டும் கலந்து பிறந்த மீன்கள் மட்டும் பண்டிதர்களையும் திணற வைக்கும்.

“வாணலியில் விழுந்தபின் இரண்டும் ஒன்றுதானே? இந்த எண்ணிக்கை எதற்கு?” என்று கேட்கலாம். மாமிசம் உண்ணாத நேயர்களும் முகம் சுளிக்க வேண்டாம். நான் சொல்ல வருவது சமையல் விஷயமன்று. கறுப்புக் கிராப்பிக்குத் தெளிந்த நீரும் நீர்ச்செடிகளும் வேண்டும். வெள்ளையோ கலங்கல் நீரையும் பொறுத்துக்கொள்ளும். சுற்றுப்புற நிலங்களிலிருந்து அடித்து வரும் வண்டல் ரீல்புட்டைத் தூர்த்து வருவது நெடுநாளைய தொல்லை. ஆகவே, பல வருஷங்கள் தொடர்ந்து எண்ணி வந்தால், கூடையில் எந்த இனம் பெருகுகிறது, எது அருகுகிறது என்பது, ஏரி தன் தேக நிலையைப் பற்றி எழுதும் கடிதமாகிவிடும். நிறத்தைப் பார்த்துப் பெயர் சூட்டுகிறவன் அக்கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசிக்கிறான்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நிறம் தானே வந்து கண்ணில் விழும், முள்ளை எண்ணுவதற்கு நாம்தான் குனிய வேண்டும்.